கால் படாத ரோடு

ரோடு போடப் பணம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கன்னியப்பன் வலது காலைத் தூக்கிக் காட்டிவிடுவார். முப்பது வருஷம் மரக்காணம் உப்பளத்தில் மிதித்த கால்; காய்ந்த பாத்தி மாதிரி பாளம் பாளமாக வெடித்திருக்கும். "நல்லா பாத்துக்கோ. செருப்புகூட போடாத காலு. இது பட்டு எந்த ரோடு தேஞ்சுது?" என்பார். வந்தவர் காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்குள் இவர் உள்ளே போய்ப் படுத்திருப்பார்.

தெருக்காரர்கள் ஒரு பங்கு கொடுத்தால்தான் மீதிக்கு அரசாங்கப் பணம் வரும். வார்டு மெம்பர் புருஷோத்தமன் நான்கு வருஷமாக நோட்டும் கையுமாக அலைந்தார். வண்டி வைத்திருப்பவன் கொடுக்கட்டும் என்பது முதலில் கன்னியப்பனின் கட்சி. அப்புறம் இவரே ஒரு பழைய டி.வி.எஸ். வாங்கினார். அன்று மத்தியானமே, லாரி வைத்திருப்பவன் கொடுக்கட்டும் என்று கட்சி மாறினார். பள்ளம் இருந்தால்தான் திருடன் வேகமாக ஓட முடியாது என்றும் சொல்லிப் பார்த்தார். இந்தத் தெருவில் திருட என்ன இருக்கிறது என்று பெண்சாதி பொன்னி கேட்டபோது அவளுக்கும் காலைத் தூக்கிக் காட்டினார்.

வைகாசியில் மகள் கலைமதியைப் பார்க்கக் கிளியனூரிலிருந்து வேனில் வந்தார்கள். மூன்றாவது பள்ளத்தில் வேன் குதித்த குதியில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கூரையில் தலை இடித்தது. அவர் மடியிலிருந்த பழத்தட்டு மாப்பிள்ளையின் மூக்கில் இடித்தது. பையன் வீங்கிய மூக்கோடுதான் பெண் பார்த்தான். கிளம்பும்போது அந்தம்மா தலையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பொண்ண புடிச்சிருக்குதுங்க. ரோடுதான் புடிக்கல. அத சரி பண்ணுங்க, தட்டு மாத்திக்கலாம்."

வேன் தெருமுனை திரும்புவதற்குள் கன்னியப்பன் பணத்தோடு மெம்பர் வீட்டில் நின்றார். மெம்பர் பணத்தைப் பார்க்கவில்லையாம், இவர் காலைத்தான் குனிந்து பார்த்தாராம். இது மெம்பர் வீட்டம்மா தண்ணீர்க் குழாயடியில் சொன்னது.

"காலு பட்டு தேயாதுன்னியே மாமா?" என்றாராம் மெம்பர்.

"எங்காலு இல்லப்பா. சம்பந்தியம்மா தலை."

ஆடியில் தார் போட்டார்கள். வருகிற புதன்கிழமை தட்டு மாற்ற வருகிறார்கள். அதுவரை ரோடு தாங்குமா என்பதுதான் இப்போது கன்னியப்பனின் தூக்கத்தைக் கெடுக்கும் கவலை. ஆடுகளைத் துரத்துகிறார். உப்பு லாரி வந்தால் குறுக்கே போய் நின்று, "பச்ச ஒடம்புக்காரி மாதிரிப்பா இந்த ரோடு, மெதுவா போ" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்.

நேற்று உப்பளத்திலிருந்து திரும்பும்போதும் டி.வி.எஸ்.ஸை ரோட்டோரச் சேற்றில்தான் தள்ளிக்கொண்டு வந்தார். தார் ரோட்டில் ஜம்மென்று நடந்து வந்த பொன்னிக்குப் பொறுக்கவில்லை. "மேல ஏறித்தான் வாயேன்யா. நாமளும்தான காசு குடுத்தோம்."

கன்னியப்பன் யோசித்தார். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். தோள் துண்டை உருவி வலது பாதத்தை விரல் விரலாகத் துடைத்தார். தாருக்கு ஒரு சாண் மேலே காலைத் தூக்கி நிறுத்தி, ரோட்டை அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார்.

பிறகு காலை மெல்லச் சேற்றிலேயே வைத்துவிட்டார்.