அண்ணன் மறைத்த முதல் வெள்ளாமை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது என்று எழுத இன்னும் கை வரவில்லை. அன்று காலை ஏழு மணிக்குப் போனில் பேசினார். ஒன்பது மணிக்கு, கிழங்குக் காட்டு வரப்பில் சாய்ந்துவிட்டார் என்றார்கள். அந்த இரண்டு மணி நேரம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அண்ணன் பிறந்தது குன்னூர்ப் பக்கம். அப்பாவின் வேலைக்காக செகந்திராபாத் வந்தோம். அப்பா இறந்தபின் அண்ணன் மல்லாபூர் தொழிற்சாலையில் சேர்ந்து குடும்பத்தைத் தாங்கினார். எட்டாவதோடு நின்ற எனக்கு ஆட்டோ வாங்கித் தந்ததும் அவர்தான். தொழிற்சாலை மூடியது. ஊரே கம்ப்யூட்டர் என்று ஓடியபோது, அவர் ஜஹீராபாத் பக்கம் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டார்.

மற்றவர்கள் யூரியாவை அள்ளிக் கொட்டுவார்கள். அண்ணன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்த பிறகே மூட்டையைப் பிரிப்பார். செடிக்கு விரதமா என்று பக்கத்து நிலத்து எல்லய்யா கேலி செய்வார். ஆனால் செலவு பாதிதான்; கிழங்கில் குறைவில்லை.

அவர் போனபோது பயிருக்கு நாற்பது நாள். இந்த விளைச்சலைக் கரையேற்றினால்தான் அண்ணிக்கு மறுபடி குத்தகை என்றார் நிலக்காரர். நான் இயல்பிலேயே பயந்தவன். பயிரும் போய்விடுமோ என்று, காரியம் முடிந்த மறுநாளே இரண்டு மூட்டை யூரியா போட்டேன். தினமும் தண்ணீர் விட்டேன். செடி கருகருவென்று எழுந்தது, எனக்குப் பெருமை. எல்லய்யா ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். சத்தெல்லாம் இலைக்கே போயிருந்தது; அடியில் பட்டாணி அளவுகூடக் கிழங்கில்லை.

"பஸ் பாய், அவுர் நக்கோ," போதும், இனி வேண்டாம் என்று என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

திட்டுவார் என்று பயந்துகொண்டே அண்ணியிடம் சொன்னேன்.

"உங்க அண்ணனும் மொத வருஷம் இதேதான் பண்ணாரு தம்பி. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு, பயந்துடுவீங்கன்னு."

அந்த வருடம் மழை கெடுத்தது என்றல்லவா எங்களிடம் சொல்லியிருந்தார்.

அண்ணி தண்ணீரை நிறுத்தினார். அறுவடை நாளுக்கு இரண்டு வாரம் தள்ளித் தோண்டியதில், வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. நிலக்காரர் யோசித்து ஒரு ஏக்கர் மட்டும் கொடுத்தார்.

அன்று அண்ணனைத் தூக்கி வந்தவர்களுக்கும், துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த ஹப்சிகுடா நண்பர் வீட்டாருக்கும், கூலி வாங்காமல் கிழங்கு தோண்டிய எல்லய்யா தம்பதிக்கும் கைகூப்புகிறோம். இந்த ஆண்டும் அண்ணி விதைத்திருக்கிறார். யூரியா மூட்டையை மட்டும் எல்லய்யா வீட்டில் வைத்திருக்கிறார். என்னை நம்பவில்லை, அதுதான் சரி.

— தம்பி