பதினேழு கண் விழிக்கும் நேரம்

ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார் பருந்தக்கா. காற்றை அளக்கும் கருவி கழுத்தில்தான் தொங்குகிறது. "அது சும்மா நம்பர் காட்டும். விரலுக்குத்தான் விவரம் தெரியும்" என்பார், ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் தோரணையில்.

தொழில், ட்ரோன் ஓட்டுவது. எதிரே உள்ள மலைச்சரிவில் இருபது சென்சார்கள் புதைந்திருக்கின்றன. மண் எவ்வளவு விரிசல் விட்டது என்று அளப்பவை. சின்ன பேட்டரியில் ஐந்து வருடம் ஓட வேண்டும் என்பதால் எப்போதும் தூக்கம்தான். கால் மணிக்கு ஒரு தரம் பத்து விநாடி விழித்து, அளவைச் சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிடும். சொல்வதை வாங்கிக்கொள்ள அந்தப் பத்து விநாடி ட்ரோன் அதன் தலைக்கு மேலே நிற்க வேண்டும். ஒவ்வொன்றையும் அதன் எண்ணைச் சொல்லித்தான் அக்கா எழுப்புவார்: "ஏய் ஒம்போது, எந்திரிடா சோம்பேறி! மூணு, நீதான்டா தங்கம்."

மூன்று நாள் மழை இன்று சற்றே விட்டிருக்கிறது. பத்தொன்பதும் பேசிவிட்டன. விரிசலின் விளிம்பிலேயே இருக்கும் பதினேழு மட்டும் பேசவில்லை. அதற்கு நேர் கீழே அறுபது வீடுகள். எஞ்சினியர் போனில் மூக்கால் இழுத்துப் பேசுகிறார்: "பதினேழு தெரியாம நான் எப்படிம்மா ஜனங்களக் கிளப்புறது?"

ஜீப் ஓட்டும் கணவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "நேரம் தாண்டிடுச்சு. உன் செல்லப்பிள்ள போய்ச் சேர்ந்துட்டான்."

"வாயக் கழுவுங்க. குளிர்ல அவன் கடிகாரம் மெதுவா ஓடும். நாலு நிமிஷம் பொறுங்க."

"ட்ரோன் பேட்டரி எவ்ளோ?"

"இருபத்திரண்டு பர்சென்ட்."

"திரும்பி வரவே இருபது வேணும்டி! இருக்கறதே ஒரு ட்ரோன்!"

"எனக்கும் கணக்கு வரும்."

பேட்டரி குறைந்ததால் ட்ரோன் தானாகவே திரும்பி வரப் பார்க்கிறது. அக்கா பொத்தானை அழுத்தித் தடுக்கிறார். பதினெட்டு. பதினான்கு. கணவர் திரைமேல் குனிகிறார்.

"எந்திரி கண்ணு. அம்மா வந்திருக்கேன்ல."

பதினொன்றில் திரையில் ஒரு வரி விழுகிறது. விரிசல் காலையில் நான்கு மில்லிமீட்டர். இப்போது முப்பத்தொன்று.

"சார், கிளப்புங்க. எல்லாரையும். இப்பவே."

திரும்பும் வழியில் பேட்டரி தீர்ந்து, ட்ரோன் சரிவின் மரக்கிளைகளை முறித்துக்கொண்டு விழும் சத்தம். கணவர் பதறித் திரும்புகிறார். அக்கா திரும்பவில்லை. ஜீப்புக்குள் பாதி உடம்பை நுழைத்து, கீழே தெரியும் கூரைகளைப் பார்த்தபடி, ஹாரன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறார். கையை எடுக்கவே இல்லை.