கீழாநெல்லிதான்

தூக்குச்சட்டி மூடியில் ஈரத்தோடு ஒரு பிடிச் செடி. வேரில் மண்கூடப் போகவில்லை. அதை என் மேசையில் வைத்துவிட்டு அக்கா முக்காலியில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இப்போது அது தெரிகிறது. அன்று நான் பார்த்தது செடியை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் தாவரவியல் துறையில் அக்கா ஆய்வக உதவியாளர். தளவாய்புரத்திலிருந்து வருவார். மலையடிவாரத்தில் நாங்கள் பறித்துவரும் செடிகளைத் தாள்களுக்கிடையே அழுத்திக் காயவைத்து அட்டையில் தைப்பது அவர் வேலை. இலையையும் பூவையும் பார்த்துப் பெயர் எழுதுவது என் வேலை. பேராசிரியர்கள் முன்னால் என்னை மேடம் என்பார். அவர்கள் நகர்ந்ததும் ஏட்டி.

"ஏட்டி, இது கீழாநெல்லிதானான்னு செத்த பாத்துச் சொல்லு. மேலாநெல்லியத் தின்னுட்டு மேல போயிறக் கூடாதுல்லா?"

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். காமாலை மாதிரி இருக்கு. இது அது இல்லன்னா, பேசாம நாளைக்கு ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போயிருதேன். எங்க வீட்ல அவிய லீவு போட்டுட்டுக் கூட வாரேன்னு சொல்லியிருக்காவ."

லென்ஸை எடுத்தேன். எதையும் வரிசைப்படி சரிபார்ப்பது என் பழக்கம். ஒன்று, காம்பின் இருபுறமும் மாறிமாறி அமைந்த சிற்றிலைகள். இரண்டு, இலைக்கு அடியில் தொங்கும் வெளிர்பச்சைப் பூ. மூன்று, காய்; வழவழப்பாக, சிறு காம்போடு இருக்க வேண்டும். சொரசொரப்பாகத் தண்டோடு ஒட்டியிருந்தால் அது வேறு இனம். எட்டுச் செடிகள் இருந்தன. எட்டையும் தனித்தனியாகப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறில்லை.

"கீழாநெல்லிதான்க்கா. எல்லாமே."

"படிச்சவ படிச்சவதான். ஒரு நாள் லீவு மிச்சம்" என்று சிரித்தார். அப்போது அவர் கண்கள் மஞ்சளாக இருந்தன. அதையும் பார்த்தேன். ஆனால் அவர் கேட்டது செடியைப் பற்றி. அதற்குச் சரியான பதில் சொல்லிவிட்ட திருப்தியில் நான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கும் போங்கக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அரைத்து மோரில் கலந்து தினமும் குடித்தார். இரண்டு வாரம் கழித்து, நினைவு தப்பிய பிறகுதான் ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். ரொம்பப் பிந்திவிட்டது என்றார்களாம். மறுநாள் இறந்துவிட்டார்.

துக்க வீட்டில் அவர் கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். நைட்டி தைக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். சுற்றியிருந்தவர்களிடம், "இந்தப் புள்ளதான் லென்ஸ் வச்சு ஒவ்வொரு செடியாப் பாத்துச் சொல்லிச்சு. மருந்துல ஒரு தப்பும் இல்ல. அவ விதி அம்புட்டுத்தான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரியாத்தானம்மா பாத்த?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே" என்றேன். செடியைப் பொறுத்தவரை அது உண்மை.

இப்போது அட்டைகளை நானே தைக்கிறேன். தையல் கோணுகிறது. அது கீழாநெல்லி இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அக்கா மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்பதை அவர் கணவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை தளவாய்புரம் பஸ் ஏறினேன். இரண்டு முறையும் நான் வாயெடுக்கும் முன்பே, "அவ இருந்தா ஒன்னச் சாப்பிடாம அனுப்பமாட்டா" என்று தட்டை வைத்துச் சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.