மூக்கரின் மூக்கு

அந்தப் பழக்கிடங்கில் எல்லோரும் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. நியாயமாகச் சொன்னால் சப்பை மூக்கு. ஆனால் குளிர் அறைக் கதவை ஒரு சாண் திறந்து மூச்சை ஓர் இழுப்பு இழுத்தால் போதும், அத்தனை அடுக்குப் பெட்டிகளில் எந்த மூலையில் ஒரு காய் அழுகத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் மூக்கை நுழைத்தால் திட்டு விழும். இவருக்கு அதற்குத்தான் சம்பளமே.

காலையில் முதலாளி தோட்டத்திலிருந்து நேரே வந்து, "மூக்கரே, எப்படி இருக்கு?" என்பார். கேட்பது பேரிக்காயைப் பற்றித்தான். மரத்திலேயே பழுக்க விட்டால் அது உள்ளுக்குள் மாவாகிவிடும். அதனால் காயாகவே பறித்து, குளிரில் தூங்கவைத்து, வேண்டும்போது வெளியே எடுத்துப் பழுக்க வைப்பார்கள். அந்தத் தூக்கத்துக்கு மூக்கர்தான் காவல். "அருமையா தூங்குது முதலாளி" என்பார். பிறகு இருவரும் மழையைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். மனைவி இறந்துபோன பிறகு மூக்கருக்கு ஒரு நாளின் மொத்தப் பேச்சும் அனேகமாக அவ்வளவுதான். வீட்டில் பூட்டைத் திறக்கும் சத்தத்துக்கு மேல் வேறு சத்தம் கிடையாது.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்துபோனது. தேறி எழுந்த அன்று, வழக்கம்போல் மனைவியின் போர்வையை எடுத்து முகத்தில் வைத்தார். ஒரு வாசனையும் இல்லை. 'இவ்வளவு காலம் தங்கினாளே, அதுவே பெரிசு' என்று உட்கார்ந்து அழுதார், பாவம். குளிக்கும்போது சோப்பும் வாசனையில்லாத வெறும் கல்லாக இருக்கவேதான் மூக்கு செத்துவிட்டது என்று புரிந்தது. அவள் இன்னும் போர்வையில்தான் இருக்கிறாள் என்பதில் அவருக்கு ஓர் ஆறுதல்கூட.

முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் குளிர் அறைக்கு வேறு ஆள் வருவான். காலையில் அந்தக் கேள்வி அவனிடம் போய்விடும். மூக்கரால் தாங்க முடியாதது அது ஒன்றுதான். எனவே கையால் சமாளித்தார். பெட்டி பெட்டியாகக் காம்புக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கை எட்டியவரைக்கும் எல்லாம் கல்போல இருந்தன.

எட்டாத இடத்தில்தான் வினை. வேறு இடமில்லை என்று சுமையாள் ஒருவன் சில பெட்டி ஆப்பிளைப் பின்சுவரோரம் தள்ளிவிட்டுப் போயிருந்தான். ஆப்பிள் பக்கத்தில் இருந்தால் பேரிக்காய்க்குத் தூக்கம் கலைந்துவிடும்; ஆப்பிள் விடும் மூச்சிலேயே மளமளவென்று பழுக்கும். பழைய மூக்கருக்கு அன்றைக்கே மூக்கில் வியர்த்திருக்கும்.

லாரி வந்த அன்று கதவை முழுக்கத் திறந்தார்கள். புளித்த இனிப்பு வாடை வாசலைத் தாண்டி அடித்தது. டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். அந்த வாடைக்கு நடுவில் நின்றுகொண்டு மூக்கர் சிரித்த முகமாக, "அருமையா தூங்குது, ஏத்துங்கப்பா" என்றார்.

சுமையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மூக்கரே," என்றார் முதலாளி மெதுவாக, "உங்களுக்கு வாடை தெரியலையா?"

"காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியல முதலாளி."

"சொல்லியிருக்கலாமே! வேலையை விட்டு அனுப்பிடுவேன்னு பயந்தீங்களா? அப்படிச் செய்வேனா நான்?"

மூக்கர் ஆமாம் என்று தலையாட்டிவைத்தார். உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

முதலாளி நல்ல மனிதர், சொன்னபடியே அனுப்பவில்லை. வெளிக்கொட்டகையில் காய் தரம் பிரிக்கும் வேலை கொடுத்தார். மறுநாள் காலை அவர் வருவதைப் பார்த்து மூக்கர் எழுந்து நின்றார். முதலாளி அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கடந்துபோய், குளிர் அறைக் கதவைத் தானே திறந்து, தானே முகர்ந்து பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார். மூக்கர் உட்கார்ந்து காய்களைப் பிரிக்க ஆரம்பித்தார். வேலை முடிகிறவரை அவருக்கு வாய் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.