மாமன் சீரும் ஒரு மேல் கமாவும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் ஸ்டுடியோ. காதுகுத்துக்குப் படம் எடுத்தால் மாமன் சீரைத் தனி ஃபோல்டரில்தான் போடுவேன். ஆல்பத்தில் ஒரு தட்டு விடுபட்டாலும் மாமன் வீட்டார் கடைக்கே வந்து நியாயம் கேட்பார்கள். ஸ்டைலாக இருக்கட்டும் என்று அந்த ஃபோல்டருக்கு இங்கிலீஷில் "மாமா'ஸ் சீர்" என்று, மேலே ஒரு கமா வைத்துப் பெயர் போடுவது என் பழக்கம்.

கருணாபுரத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அக்காவின் மூத்த மகளுக்குக் காதுகுத்து. வெள்ளிமலையில் டீக்கடை வைத்திருந்த அவருடைய அண்ணன் தட்டுகளோடு பஸ்ஸில் இறங்கி வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஆல்பம் போடுவதற்குள் அந்த மனிதர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அண்ணனுக்கு வேறு நல்ல படமே இல்லை என்று அக்கா கடையில் வந்து நின்ற அன்றைக்குத்தான் என் கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் கடகடவென்றது, விண்டோஸ் திறக்கவில்லை. மெமரி கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று. நாளைக்கு வாங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

என்னோடு பள்ளியில் படித்த நண்பன் சென்னையில் கம்ப்யூட்டர் சர்வர்களோடு மல்லுக்கட்டும் வேலையில் இருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குப் போன் போட்டேன். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் விண்டோஸ் இல்லாமலே கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி வரச் சொல்லி, அதைச் செருகி, கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் ஒரு கறுப்புத் திரையைத் திறக்க வைத்தான். இனி அணைத்தால் அந்த டிஸ்க் மறுபடி சுழலாமலே போகலாம், அணைத்துவிடாதே என்றான். பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் திரை அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளுமாம். அதனால் காப்பி எடுக்கும் கட்டளையில் ஃபோல்டர் பெயரின் இரு பக்கமும் ஒற்றை மேற்கோள்குறி போடச் சொன்னான். போட்டு என்டர் தட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வரியில் ஒரு கூர்முனைக் குறி மட்டும் வந்து நின்றது. மறுபடி தட்டினால் அதே குறி. எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். தொங்கிவிட்டது, ஆஃப் பண்றேன் என்று சுவிட்சில் கை வைத்துவிட்டேன்.

"கைய எடுடா. அது தொங்கல. நீ இன்னும் முடிக்கலனு காத்துக்கினு கீது. இன்னா அடிச்சனு ஒவ்வொரு எழுத்தா சொல்லு."

சொன்னேன். மேல் கமா வந்ததும் சிரித்துவிட்டான். நான் ஸ்டைலுக்கு வைத்த கமாவையே மேற்கோளின் முடிவு என்று அது எடுத்துக்கொண்டிருக்கிறது. கடைசியாகப் போட்ட குறி புதிதாக ஒன்றைத் திறந்துவிட்டது. அதை மூடும்வரை காத்திருக்கும். கன்ட்ரோல் சி அழுத்தி வெளியே வரச் சொன்னான். மேற்கோள் வேண்டாம், கமாவுக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் என்கிற பின்சாய்வுக்கோடு ஒன்று, இடைவெளிக்கு முன்னால் இன்னொன்று. அடுத்து வருவது வெறும் எழுத்துதான் என்று அதற்குப் புரியும் என்றான். இரட்டை மேற்கோள் போட்டிருந்தாலே போதும், அந்த அவசரத்தில் அவனுக்கும் தோன்றவில்லை.

படங்கள் வரத் தொடங்கின. அவன் சாப்பிடாமல் கடைசிப் படம்வரை லைனிலேயே இருந்தான். அவனுக்கு எப்படி நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது. அரைகுறையாகச் சொன்னதை வைத்து எதையும் செய்துவிடாமல் பேசாமல் நின்ற அந்தத் திரைக்கும் நன்றிதான்.

மறுநாள் அக்கா வந்தார். படத்தில் காது குத்திக்கொள்ளும் குழந்தையைவிட மாமன்தான் அதிகமாக முகத்தைச் சுளித்திருந்தார். அக்கா சிரித்தார், பிறகு அழுதார். படம் அழிந்தே போயிருக்க வேண்டியது, காப்பாற்றியவன் என் நண்பன் என்று உண்மையைச் சொல்லி, அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன்.

"சின்னதுக்கு தையில காது குத்தணும் தம்பி. மடி குடுக்க எங்க அண்ணன் இல்ல. நீங்க வந்து உக்காருங்க."

நீங்க என்ன ஆளுங்க என்பதுதான் எங்கள் பக்கம் முதல் கேள்வி. அக்கா அதைக் கேட்கவே இல்லை.

அவன் வருகிறேன் என்றான். போனை வாங்கி என் காதில் வைத்தேன். கூடப் பிறந்தவள் இல்லாத அவனுக்கு இந்தச் சடங்கெல்லாம் தெரியாது.

"சீர்ல இன்னா இன்னா தட்டு வெக்கணும்னு கேட்டு சொல்லுடா" என்றான்.