நடவாவிக் கிணற்றில் கேட்ட காலடி

காலை ஒன்பதரை மணிக்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். நான் முதலில் இறங்கி, என் மகள் தாரிணி படியில் கால் வைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கைப்பந்து ஆடும்போது வலது முட்டிச் சவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலை விட்ட பிறகு அவளுக்கு இதுதான் முதல் பயணம். இன்னொரு முறை சறுக்கினால் மறுபடியும் கத்திதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கட்டடக்கலை படிக்கும் அவள் பார்க்க ஆசைப்பட்டது ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றை. தரைக்கு அடியில் ஒரு மண்டபம், அதன் நடுவே கிணறு. படி வழியாக இறங்கிப் போக வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி மண்டபம் நீருக்குள் கிடக்கும். சித்திரைப் பௌர்ணமிக்குப் பெருமாள் எழுந்தருள்வதால் அப்போது மட்டும் நீரை இறைத்துவிடுவார்கள். அந்தத் திருவிழா முடிந்த கையோடு நாங்கள் போனோம்.

தெற்கே ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். காத்திருப்பும் சேர்த்து ஆட்டோவுக்கு ஐந்நூறு ரூபாய்.

“பாப்பா காலைத் தாங்கிக்கினு நடக்குதே, எறங்கிடுமா சார்?” என்றார் ஓட்டுநர்.

“மெதுவா இறங்குவா.”

“பெருமாளே அடுத்தவன் தோள்ல ஏறிக்கினுதான் எறங்குறாரு. நீங்களும் தூக்கினு போயிடுங்க.”

“அண்ணா, ஐடியா குடுக்காதீங்க. எங்கப்பா நிஜமாவே தூக்கிடுவார்” என்றாள் தாரிணி.

கல் தோரணவாயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும். மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட அவளுடைய ஷூவும் வெளியே நின்றது. இனி வெறும் பாதம்தான். முன்பாதம் முதலில் படட்டும், முட்டி லேசாக மடங்கட்டும், கணுக்கால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். குதிகாலை முதலில் போட்டால் அடி நேரே முட்டிக்குப் போய்விடும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்திருந்தார். திருச்சியில் எங்களுடையது மாடி வீடு. அவள் படியிறங்கும்போதெல்லாம் நான் கூடத்தில் உட்கார்ந்து காது கொடுப்பேன். ‘டொக்’ என்று கேட்டால் குதிகால். உடனே கத்துவேன்.

அவள் விழுந்தால் என் மேல் விழட்டும் என்று நான் முன்னால் இறங்கினேன். கல் ஈரமாக இருந்தது, பாசி வழுவழுத்தது. பாதி வழியில் இருட்டு. சுவரைப் பிடித்து, கண் பழகும்வரை கல்லில் நெற்றி வைத்து நின்றேன். பிறகு மறுபடி இறங்கினேன்.

பின்னால் ‘டொக்’.

“முன்பாதம், தாரிணி.”

அடுத்த படியில் மறுபடியும் ‘டொக்’. நான் நின்றால் அதுவும் நின்றது.

“சொல்றேன்ல!”

திரும்பினேன். மேலே வாயில் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. படியில் யாரும் இல்லை. எனக்கும் அந்த வெளிச்சத்துக்கும் நடுவே வெறும் கல். கீழே எங்கோ நீர் சொட்டியது. கிணறு நினைவுக்கு வந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டேன். அந்தப் பெயர் வேறொருவர் குரலில் திரும்பி வந்தது.

“இங்க இருக்கேன்பா.”

குரல் எனக்குக் கீழேயிருந்து வந்தது. மண்டபத் தூணில் கை வைத்து நின்றிருந்தாள்.

“நீங்க சுவத்துல சாஞ்சு நின்னப்பவே தாண்டி வந்துட்டேனே.”

“அப்ப பின்னால நடந்தது யாரு?”

“உங்க கால்தான்பா. கல்லுல பட்டுத் திரும்பிக் கேக்குது. முட்டியை விறைப்பா வச்சுக்கிட்டு, குதிகாலை எப்படிப் போடுறீங்க! இப்ப இறங்குங்க பாப்போம். முன்பாதம்.”

இறங்கினேன். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் என் கண் அவள் பாதங்களை விட்டு நகரவில்லை. கிணற்றை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அவள்தான் படம் எடுத்தாள்.

திரும்பும் பேருந்தில் அவள் தூங்கினாள். வலித்தது என் முட்டிதான்.

வீடு வந்து ஒரு வாரமாகிறது. மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்பதே இல்லை. அவள் சரியாக இறங்குகிறாள் என்றுதான் அர்த்தம். அது தெரிந்தும், கூடத்திலிருந்து எழுந்து போய்ப் படியை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.