முழங்கையைத் தொட்ட கை

என் அம்மா பர்மாக்காரி. அப்பா நாமக்கல் பக்கத்து மனிதர். ரங்கூனுக்குக் கடை வேலைக்குப் போன இடத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டு, பிறகு எங்களைக் கப்பலில் கூட்டி வந்தார். மேட்டூரில் கம்பெனி வேலை கிடைத்தது. எனக்கு அப்பாவின் முகம். அம்மாவைத் தெருவில் 'சப்பமூக்கி' என்பார்கள். அவளும் அவர்கள் தமிழிலேயே திருப்பி வைவாள். அந்தப் பேச்செல்லாம் அப்பாவின் அக்கா, என் அத்தை, பழக்கியது.

எழுபதுகளின் நடுவில் என்னைப் பெண் பார்க்க எருமப்பட்டியிலிருந்து வந்தார்கள். அதற்கு முன்னால் வந்த இரண்டு இடத்துக்காரர்களும் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து போயிருந்தார்கள்.

"இந்தத் தடவ அடுப்படிய உட்டு வெளிய வராத புள்ள. காச்சல்னு சொல்லிக்கறேன். தாலி ஏறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் அத்தை, அம்மாவிடம்.

"நானே அதத்தான் நெனச்சேனுங்க அண்ணி" என்றாள் அம்மா. எனக்குப் பூ வைத்துவிட்டு, அடுப்படியை மறைத்த சேலைத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

வந்தவர்களிடம் அத்தை காய்ச்சல் கதையைச் சொல்லி முடித்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நான் காப்பி நீட்டினேன். வலது கையில் டம்ளர். இடது கை தானாகப் போய் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டது. பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அப்படிக் கொடுப்பது பர்மா மரியாதை. சின்ன வயதிலேயே அம்மா பழக்கியது.

அவர் டம்ளரை வாங்கவில்லை. என் கையையே பார்த்தார்.

"ஏஞ்சாமி, கை வலிக்குதா?"

"மரியாதைக்குங்க" என்று அத்தை முந்திக்கொண்டாள். "நாந்தான் சொல்லிக்குடுத்தனுங்க." சொல்லிக்கொண்டே வெற்றிலைத் தட்டை நீட்டினாள், ஒற்றைக் கையால்.

"புள்ளைக்குச் சொல்லிக்குடுத்துப்போட்டு நீங்க மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க."

அத்தைக்கு வியர்த்துவிட்டது. நானோ நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். திரைக்குக் கீழே அம்மாவின் கால்விரல்கள் தெரிந்தன. நான் பார்ப்பதற்குள் உள்ளே இழுத்துக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை.

"எங்கம்மா சொல்லிக்குடுத்ததுங்க. அவங்களுக்குக் காச்சல் இல்லீங்க. பர்மாக்காரங்க. உள்ளதான் இருக்கறாங்க."

திரையை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். கண் சிவந்திருந்தது.

"வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, காப்பி ஆறிப்போச்சாட்ட இருக்குது. இருங்க, சுட வெச்சுத் தாரேன்."

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, மூஞ்சிதான் பர்மா. பேச்சு எங்கூட்டுப் பெரியம்மாளாட்டவே இருக்குதே!"

பிறகு என்னிடமிருந்து டம்ளரை வாங்கினார். வாங்கும்போது தன் இடது கையையும் முழங்கையில் வைத்துப் பார்த்தார். பழக்கமில்லாத கை. பாதிக் காப்பி மடியில் கொட்டியது.

"ஆறுனது நல்லதாப் போச்சுங்க" என்றாள் அம்மா. முதலில் சிரித்தது அத்தைதான்.

என் கல்யாணத்தில் அம்மா முன்னால் நின்றாள். எண்பதுகளில் என் மகளும் முழங்கையைத் தொட்டபடிதான் எல்லோருக்கும் தண்ணீர் கொடுப்பாள். பக்கத்து வீட்டார் கேட்டால், "அது எங்கூட்டுப் பழக்கம்" என்பார் மாமியார். அவர் மட்டும் கடைசிவரை ஒற்றைக் கையால்தான் வாங்கினார். சேலை பாழாகிவிடுமாம்.